எழுபத்தாறு கிலோ ஈயம்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு, கள்ளிமேட்டு ரேஸ் மைதானத்துத் தராசின் மேல் வைத்து, பம்ப்செட் குப்புராஜின் ஒரே மகன் நிரஞ்சனுக்கு எடை இல்லாமல் போயிற்று; ஒன்பதேகாலுக்கு அங்கிருந்த எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, ஒன்பதரைக்கு எல்லோருக்கும் பழகிவிட்டது, பத்து மணிக்கெல்லாம் அவனுடைய அப்பன் இதில் நமக்கு என்ன ஆதாயம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். அப்பன், அவன் என்று நான் எழுதுவதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பத்தொன்பது வருஷமாக வாய் நிறைய முதலாளி, முதலாளி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். மனசுக்குள் எப்போதும் அவன்தான்.

என் பெயர் அம்சவேணி. குப்புராஜின் பம்ப்செட் பட்டறையில் லேத் பிடித்துக்கொண்டிருந்தவளை, கை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி மகனின் ரேஸ் வண்டிக்கு மெக்கானிக் ஆக்கினான். வண்டி என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கூரை கிடையாது, கதவு கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, நாலு குட்டிச் சக்கரங்களுக்கு நடுவே இரும்புக் குழாய்ச் சட்டம், அதன் வலப்பக்கத்தில் ஒரு இன்ஜின், இடப்பக்கத்தில் ஆள் விலாவை இறுக்கிப் பிடிக்கிற ஒரு ஃபைபர் சீட். கோ-கார்ட் என்பார்கள். அதற்கு சீட் பெல்ட்டும் கிடையாது. கவிழ்ந்தால் ஆள் வெளியே தெறித்து விழுவதுதான் பத்திரம் என்று அதைக் கண்டுபிடித்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். தரையில் இருந்து நாலு விரல் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதற்கு, எங்கள் ஊரில் பம்ப்செட் விற்றவர்களும் கிரைண்டர் விற்றவர்களும் நூல் விற்றவர்களும் தங்கள் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் குடை நிழலில் உட்கார்ந்து கருப்பட்டிக் காபி குடிப்பார்கள்.

அந்த மைதானத்தில் எல்லோரும் பயப்படுகிற சாமி தராசு. வண்டியும் ஆளும் சேர்ந்து நூற்றறுபது கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். எங்கள் வண்டி எண்பத்துநாலு. நிரஞ்சன் உடையோடும் ஹெல்மெட்டோடும் அறுபத்தாறு. மீதிப் பத்துக் கிலோவுக்கு நான் டயர் கடைகளில் பழைய ஈயத்துண்டுகள் பொறுக்கி, உருக்கி, செங்கல் பாதி அளவில் கட்டிகளாக வார்த்து, துளை போட்டு, அகலமான வாஷர் வைத்து, ஒவ்வொரு கட்டிக்கும் இரண்டு போல்ட், போல்ட்டுக்கு இரண்டு நட் என்று சீட்டின் இடது விலாவில் முறுக்கியிருந்தேன். இதில்தான் என் வேலையின் சூட்சுமம் இருக்கிறது. நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு சின்னத் தராசு வைத்து, முன்பக்கம் நூற்றுக்கு நாற்பத்துமூன்று, பின்பக்கம் ஐம்பத்தேழு, இடமும் வலமும் சரிபாதி என்று கொண்டுவர வேண்டும். மனிதனின் எடை மேலே இருக்கிறது, நெஞ்சிலும் தலையிலும். அது வளைவுக்கு வளைவு சாய்ந்து வண்டியைக் கெடுக்கும். ஈயத்தின் எடை கீழே, நான் வைத்த இடத்தில், வாயைத் திறக்காமல் கிடக்கும். ஆகவே ஆள் ஒரு கிலோ இளைத்தால் அந்த ஒரு கிலோவை ஈயமாக்கித் தரையோடு தரையாக வைக்கலாம். இதை குப்புராஜிடம் சொன்னவள் நான்தான். அந்தத் தப்பை நான் மறைக்கப் போவதில்லை.

அது அவன் காதில் விழுந்த நாளில் இருந்து மூன்று வருஷம் மகனை இளைக்க வைத்தான். இட்லி இரண்டு என்பது ஒன்றாயிற்று, ஒன்று பாதியாயிற்று, தோசைக்கு எண்ணெய் போயிற்று, சோறு போயிற்று, நிரஞ்சனின் அம்மா வத்சலா ஒளித்துக் கொடுத்த பொரி உருண்டையும் பிடிபட்டது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கால் கிலோ, ஒரு அரைக் கிலோ என்று நிரஞ்சன் குறைந்துகொண்டே வந்தான், அப்பன் கை தட்டிக்கொண்டே இருந்தான், அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரேயடியாகக் குறைந்து முடித்துவிட்டான். ஆள் அப்படியே இருந்தான். அதே கை, அதே கால், இருபத்துமூன்று வயசுக்கு உரிய மீசை, கழுத்தில் மச்சம். தராசுதான் தொண்ணூற்றுநாலு என்றது. வண்டியும் என் ஈயமும் மட்டும்.

தராசுக்கு அதிகாரி டென்சில் சார். பெங்களூரில் இருந்து வருகிறவர், விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிடுகிறவர். அவர் தராசைத் தட்டினார், பேட்டரியை மாற்றினார், தானே ஏறி நின்று எண்பத்தொன்று என்று பார்த்து வருத்தப்பட்டார். பிறகு புத்தகத்தைத் திறந்து இருபது நிமிஷம் படித்தார். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து இவ்வளவு என்றுதான் போட்டிருந்ததே தவிர, அதில் ஓட்டுநர் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எங்கேயும் போடவில்லை. ஆகவே ஆட்சேபணை இல்லை என்றார். ஒரு மனிதன் தராசில் இல்லாமல் போனதைப் பார்த்துவிட்டு, பத்தி எண்ணைச் சரிபார்த்துவிட்டு, சாரி மிஸ்டர் குப்புராஜ், மீதி அறுபத்தாறு கிலோவை நீங்கள் ஈயமாக வைத்தாக வேண்டும் என்றார்.

குப்புராஜின் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் அவன் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. எழுபத்தாறு கிலோ. அவ்வளவையும் நம் இஷ்டத்துக்கு வைக்கலாம், அம்சா, மத்தவனெல்லாம் பையனச் சொமக்கறான், நாம ஈயத்தச் சொமக்கறோம் என்று என்னிடம் சொன்னான். மகன் அப்போது தராசின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு முழம் மேலே நின்றுகொண்டிருந்தான்.

அதில் ஒரு முறை இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். நிரஞ்சன் தானாக உடுத்துகிற எதுவும் அவனோடு சேர்ந்து எடையிழந்துவிடும். சட்டை, செருப்பு, பையில் போட்டுக்கொள்கிற இரும்பு நட்டு எல்லாம் காற்றுக்குச் சமம். இன்னொருவர் கை அவன் மேல் போடுவது மட்டும்தான் கனக்கும். ஆகவே வத்சலா தினமும் அவனைத் தூங்க வைக்கும்போது தன் கையால் மூன்று ஜமக்காளத்தைப் போர்த்தி நாலு மூலையையும் கட்டிலுக்கடியில் சொருகினாள். சாப்பிட உட்காரும்போது மடியில் ஆட்டுக்கல் குழவியை வைத்தாள். குப்புராஜோ, ரேஸ் நாளில் மகனை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டான். ஹெல்மெட்டைக்கூட அவனே மாட்டிக்கொள்ள வேண்டும், வேறு கை பட்டால் தலையில் ஒன்றரைக் கிலோ ஏறிவிடும், தலையில் ஏறுகிற எடை வளைவில் வண்டியைச் சாய்க்கும்.

நான் கட்டிகளை வார்த்தேன். இன்ஜின் வலப்பக்கம் கிடக்கிறது, ஆளுக்கு எடையில்லை, ஆகவே ஈயத்தில் பெரும்பங்கு இடப்பக்கம். சீட்டின் இடது விலாவில் மூன்று, முதுகுக்கடியில் இரண்டு, தரைத் தகட்டில் தொடைக்குக் கீழே வரிசையாக எட்டு, கால் மிதிகளுக்கு நடுவே ஒன்று. நாலு தராசும் நான் சொன்ன எண்ணைக் காட்டியபோது எனக்கே புல்லரித்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவு அழகாக எந்த வண்டியும் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நிரஞ்சன் அந்தச் சீட்டில் ஒரு பேருக்கு இருந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும், மிதியை அமுக்க இரண்டு காலும் வேண்டுமே, அதற்காக.

ஜெயித்தான். அடுத்த ஞாயிறு ஜெயித்தான், அதற்கடுத்த ஞாயிறு ஜெயித்தான், சென்னைக்குப் போய் ஜெயித்தான், நொய்டாவில் ஜெயித்தான். எங்கள் ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது, அதற்குச் சிரமமும் இல்லை. பிரமுகர்கள் சங்கம் ஒரு ஏசி ஹாலில் பாராட்டு விழா எடுத்தது. பதினாலு பேர் வரிசையாக வந்து பதினாலு பொன்னாடை போர்த்தினார்கள். ஒவ்வொன்றும் பிறர் கையால் விழுந்ததால் ஒவ்வொன்றும் கனத்தது, நிரஞ்சன் மூன்று மாதத்தில் முதல்தடவையாக ஒரு நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தான், கண்ணை மூடிக்கொண்டான். அவன் ஆனந்தத்தில் கண் மூடியதாக மறுநாள் பேப்பரில் வந்தது. ஒரு மில் அதிபர், மனிதன் பற்றற்று இருக்க வேண்டும் என்பதற்கு நம் தம்பிதான் உதாரணம் என்று நாற்பது நிமிஷம் பேசினார். அந்த ஆள் ஒரு தொழிலாளிக்குப் போனஸ் கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. கூட்டம் முடிந்ததும் பொன்னாடைகளை மடித்து எடுக்க வந்தார்கள். அண்ணா, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று நிரஞ்சன் கேட்டான். அடுத்த விழாவுக்கு ஹால் வேண்டும் என்று எடுத்துவிட்டார்கள்.

வத்சலா அவனைப் பெரிய டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனாள். ரத்தம், மூத்திரம், படம் எல்லாம் எடுத்தார். எல்லாம் நார்மல், இந்தக் காலத்தில் எல்லோரும் எடையைக் குறைக்க முடியாமல் என்னிடம் வருகிறார்கள் என்று சொல்லி ஒரு வைட்டமின் எழுதிக்கொடுத்தார்.

அவள் மலைக்கோயிலில் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள், மகனுடைய எடைக்கு எடை வெல்லம். தேசியப் போட்டி முடிந்ததும் மூன்று மூட்டை அச்சு வெல்லத்தோடு போனோம், நானும் மூட்டை இறக்கப் போனேன். துலாபாரத் தட்டில் நிரஞ்சனை உட்காரச் சொன்னார்கள். எதிர்த் தட்டில் பூசாரி ஒரே ஒரு அச்சை வைத்தார், அது டக்கென்று தரையில் போய் உட்கார்ந்தது, நிரஞ்சன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே மணிக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தான். சுற்றி நின்ற கூட்டம் அரோகரா போட்டது. குப்புராஜ் அந்த ஒரு அச்சையும் பாதியாக உடைத்து, பாதியைச் சாமிக்கு விட்டுவிட்டு, மூன்று மூட்டையையும் திரும்பக் காரில் ஏற்றச் சொன்னான். சாமியே வேண்டான்னுட்டார் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். வத்சலா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். அவள் கை மட்டும் மகனுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

பெண் கொடுக்கவும் வந்தார்கள். ஈரோட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு குடும்பம், மாப்பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது. பிள்ளை குட்டிகளுக்கு எடை இருக்குமா என்று மட்டும் பெண்ணின் மாமா கேட்டார். எங்க வம்சத்துல யாரும் யாருக்கும் பாரமா இருந்ததில்லைங்க என்றான் குப்புராஜ். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மைதானத்திலோ, மற்ற அப்பன்களுக்கெல்லாம் தங்கள் பிள்ளைகளைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. ஐம்பத்தெட்டு கிலோவில் ஒரு நல்ல பையன், ஒழுங்காக ஓட்டுகிறவன், அவனை அவன் அப்பா எல்லோர் முன்னாலும் எருமை என்று திட்டியதை நான் கேட்டேன். அந்த அம்மாக்களும் சும்மா இல்லை. எடையில்லாமல் போவதற்கு என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று வத்சலாவுக்கு போன் செய்தார்கள். ஒன்றும் கொடுக்கவில்லை என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். அதை எழுதிக்கொண்டார்கள்.

வருஷம் திரும்பி அடுத்த ஆடி வந்தது. எங்கள் ஊருக்கு ஆடி என்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. கள்ளிமேட்டில் குடைகள் பிய்த்துக்கொண்டு போகும், கண்ணில் மண் விழும். அப்போது ஒரு புதன்கிழமை மத்தியானம் நிரஞ்சன் பட்டறைக்கு வந்தான். சுவரைப் பிடித்து, ரேக்கைப் பிடித்து, கடைசியில் என் மேஜையில் பூட்டியிருந்த இரும்பு வைஸைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் உள்ளங்கை இரண்டும் காய்த்துப் போயிருந்தன. ஒரு வருஷமாகப் பிடித்துக்கொண்டே இருக்கிறவனின் கை அது.

"அக்கா, போன ரேஸ்ல மூணாவது வளைவுல ஓரத்துக் கெர்ப் மேட்டு மேல ஏறுனப்ப சீட்ட விட்டு எந்திரிச்சுட்டனுங்க. ஒரு கை நழுவிப் போச்சு. இன்னொரு கையில தொங்கிட்டே வந்து உக்காந்தேன். யாரும் பாக்கல. இனி முடியாதுங்க்கா. ஈயத்தக் கொஞ்சம் எம் மேல கட்டி உடுங்க."

அப்பாகிட்டச் சொன்னியா தம்பி என்று கேட்டேன். சொன்னானாம். இன்னும் இறுக்கமாகப் பிடி என்றானாம்.

பன்னிரண்டு கிலோவை வண்டியில் இருந்து கழற்றினேன். மெல்லிசாகத் தகடு வார்த்து, பழைய கேன்வாஸ் பையில் அறை அறையாகத் தைத்து, முன்னும் பின்னும் தொங்குகிறபடி ஒரு பனியன் செய்தேன். என் கையால் அவனுக்கு மாட்டி, என் கையால் பக்கிளை இறுக்கினேன். அவன் கால் தரையில் பதிந்தது. பட்டறைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலைந்து தடவை நடந்தான். செருப்புச் சத்தத்தைக் கேளுங்கக்கா, எஞ் செருப்புச் சத்தம் என்றான். போடா போய் ஓட்டு என்று விரட்டினேன்.

சனிக்கிழமை பயிற்சியில் அந்தப் பனியனோடு ஓட்டினான். ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியில் பத்தில் இரண்டு பங்கு தாமதம். நெஞ்சில் பன்னிரண்டு கிலோ ஏறினால் அப்படித்தான் ஆகும், எனக்கு அது அதிசயமாக இல்லை. குப்புராஜ் வாட்சைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், மகனின் வீங்கின நெஞ்சைப் பார்த்தான். டென்சில் சாரைக் கூப்பிட்டான், மகனைக் காட்டிக்கொடுக்கத் தயங்கவே இல்லை. டென்சில் புத்தகத்தைத் திறந்தார். ஈயத்தை வண்டிச் சட்டத்திலோ சீட்டிலோ போல்ட் போட்டு முறுக்க வேண்டும், ஓட்டுநரின் உடம்பில் வைக்கக் கூடாது என்று தெளிவாக இருந்தது. அந்த விதியை எழுதினவன் எடை இருக்கிற மனிதர்களை நினைத்து எழுதினான், சார் என்றேன். எனக்கு அதிகாரம் இல்லை, மேடம் என்றார்.

"கழட்டீரு அம்சா. அந்தப் பன்னண்டையும் சீட்டுக்கடியில போட்டுரு," என்றான் குப்புராஜ்.

"பையன் போயிருவானுங்க மொதலாளி. காத்து பாருங்க எப்படி அடிக்குதுன்னு."

"இருவது சுத்து. பதினஞ்சு நிமிசம். ஒரு ஆம்பளப் பையன் பதினஞ்சு நிமிசம் ஒரு ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு இருக்க மாட்டானா?"

நான் கழற்றினேன். பனியனைப் பிரித்து, தகடுகளை அடுக்கி, துளை போட்டு, சீட்டுக்கடியில் இரண்டு போல்ட், நாலு நட் போட்டு முறுக்கினேன். வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் போனால் வேறு ஒருவன் முறுக்குவான், அவன் சரியாக முறுக்க மாட்டான் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். கெட்டிக்காரர்களுக்கெல்லாம் அந்த நியாயம் ஒன்று கைவசம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் நடந்தது. இருபது சுற்றும் அவன் வைத்த கண் எடுக்காமல் ஓட்டினான். கெர்ப் ஒவ்வொன்றிலும் எழும்பினான், எழும்பின உடம்பை இரண்டு கையாலும் திரும்பச் சீட்டுக்குள் இழுத்து வைத்தான், வேலியோரம் நின்றவர்கள் அதை ஸ்டைல் என்று விசில் அடித்தார்கள். முதலாவதாக வந்தான். கொடி விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது. இனி தராசு மட்டும்தான்.

தராசுக்குப் போகிற சந்து இரண்டு பக்கமும் கயிறு கட்டினது. ரேஸ் முடிந்து உள்ளே வந்த வண்டிகள் அதில் வரிசையாக நிற்க வேண்டும், மைதானத்து ஆட்கள் ஒவ்வொன்றாகத் தள்ளித் தராசில் ஏற்றுவார்கள். எடை பார்க்கிற வரைக்கும் டீமைச் சேர்ந்த யாரும் வண்டியையோ ஓட்டுநரையோ தொடக் கூடாது. தொட்டால் ரகசியமாக எதையாவது சொருகிவிடலாம் என்பதால், விரல் பட்டாலும் அந்த ரேஸ் செல்லாது. நிரஞ்சனுக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி நின்றது, எங்களுக்கு முந்திச் சந்துக்குள் நுழைந்துவிட்ட கிரைண்டர்க்காரர் மகன் வண்டி. அது தராசில் ஏறியது. இருநூறு கிராம் குறைந்தது. கிரைண்டர்க்காரர் சண்டையை ஆரம்பித்தார். வழியில் ஒரு நட் கழன்று விழுந்திருக்கும், அதைத் தேடிக் கொண்டுவந்து வைக்கலாமா கூடாதா என்று பேச்சு. டென்சில் புத்தகத்தைத் திறந்தார்.

காற்று அப்போது தெற்கில் கொஞ்சம் திரும்பி, சந்துக்குள் நேராக வந்தது. நிரஞ்சன் சீட்டில் இருந்து மெதுவாக எழும்பினான். முதலில் முதுகு வந்தது, பிறகு இடுப்பு, பிறகு கால்கள் மிதியை விட்டு வந்தன. ஒரு கை போயிற்று. இன்னொரு கை ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, கால் இரண்டும் மேலே, தலை கீழே என்று வண்டிக்கு மேல் நின்றான். ஹெல்மெட்டுக்குள் அவன் கண் தெரிந்தது. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கை தூரத்தில் நின்றேன். சந்தில் எழுபது பேராவது இருந்தார்கள், எல்லோரும் பார்த்தார்கள், பாதிப் பேர் போன் எடுத்தார்கள்.

"அக்கா," என்றான். "கையக் குடுங்க."

நீட்டினேன். கயிற்றைத் தாண்டி என் கை போனது. அவன் நழுவிப் போன கையை என் பக்கம் கொண்டுவந்தான். விரலுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

"அம்சா, தொடக் கூடாது," என்று பின்னால் இருந்து குப்புராஜ் சொன்னான். கத்தவில்லை. பட்டறையில் அளவு சொல்வதைப் போலத்தான் சொன்னான். "தொட்டா அவுட்டு."

என் கை நின்றது. யாரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை, அதுவாகத்தான் நின்றது. முதலாளி சொன்னால் நிற்கிற கை, பத்தொன்பது வருஷத்துப் பழக்கம். அந்தக் கிரைண்டர்க்காரர் இருநூறு கிராமுக்கு இன்னும் கத்திக்கொண்டிருந்தார். நிரஞ்சன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கையைப் பார்த்துவிட்டு, வேறு யாராவது உண்டா என்று கயிறு நெடுக ஒரு தடவை பார்த்தான். அப்புறம் அவனுடைய விரல்கள் ஸ்டியரிங்கில் இருந்து சுண்டுவிரல் முதலாக ஒவ்வொன்றாய் விட்டன. அவன் கம்பி வேலியைத் தாண்டினான், விளம்பரத் தட்டியைத் தாண்டினான், பல்லடம் சாலைப் புளியமரங்களுக்கு மேலே கிழக்கே போனான், போகப் போகச் சின்னதானான். ஒரு தடவை காலை உதைத்தான். அதற்குப் பிறகு உதைக்கவில்லை.

கிரைண்டர்க்காரர் வண்டி செல்லாது என்று முடிவாயிற்று. எங்கள் வண்டியைத் தள்ளித் தராசில் ஏற்றினார்கள். நூற்றறுபது புள்ளி நாலு. டென்சில் சார் காலிச் சீட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். ஓட்டுநரின் எடை பூஜ்யம் என்று போன வருஷமே பதிவாகியிருப்பதால் ஓட்டுநர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மொத்தம் ஒன்றுதான் என்றும், டீமில் யாரும் தொடவில்லை என்பதற்குத் தானே சாட்சி என்றும் சொன்னார். பாஸ். கை தட்டினார்கள். குப்புராஜ் மேடை ஏறிக் கோப்பையை வாங்கினான், இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான், போட்டோக்காரர்கள் இன்னொரு தடவை என்றபோது இன்னொரு தடவை தூக்கினான். கீழே இறங்கி வரும்போது என் தோளைத் தட்டி, நல்ல வேளை, ஒரு நிமிஷத்துல கெடுத்திருப்ப என்றான். பையனைத் தேட இரண்டு கார் அனுப்பியிருப்பதாகவும் சொன்னான். காற்று நின்றால் எங்காவது இறங்குவான், எங்கே போகப் போகிறான் என்றான்.

பெட்ரோல் வாசனைக்குத் தலைவலி வரும் என்று மைதானத்துப் பக்கமே வராத வத்சலா அன்றைக்கு நாலு மணிக்கு வந்தாள். வாசலில் இருந்து வண்டி நிற்கிற இடம் வரைக்கும் வழியில் நின்றவர்கள் எல்லோரும் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, சீட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். விலாவில் இருந்த ஈயக்கட்டிகளைத் தடவினாள். புருஷனிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் வந்தாள்.

"நீ பக்கத்துலதான இருந்த, அம்சா?"

"ஆமாங்க அம்மணி."

"எட்டற தூரமா?"

"எட்டற தூரந்தானுங்க."

"அப்பறம் ஏன் புடிக்கல?"

அவள் அழவில்லை, திட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஊரில் ஒவ்வொருவனையும் நான் மனசுக்குள் என்னென்ன பேர் சொல்லிக் காறித் துப்பியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"தொடக் கூடாதுங்க அம்மணி," என்றேன். "தொட்டா அவுட்டுங்க."